பரணில் தொங்கும் பூண்டு

பூம்பாறை,
மார்கழி 12

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் குளிரைத்தான் சொல்லவேண்டும். காலையில் புல்மேல் உறைபனி உப்பு தூவினாற்போலக் கிடக்கிறது. பேனாவைப் பிடித்தால் விரல் மடங்கமாட்டேன் என்கிறது. பதினோரு மணிக்கு மேல் வெயில் திண்ணைக்கு வந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்கால் வலியைப் பற்றிக் கேட்காதே, அது அப்படியேதான் இருக்கிறது. மதினிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று படித்ததும் நிம்மதி.

கயல் இங்கே இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனதை அவளே சொல்லியிருப்பாள். "முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு கைடு மைக்ரோபிளாஸ்டிக் எடு என்கிறார், இவள் விறகுப் புகைதான் என்று நிற்கிறாள், முப்பது வருஷம் ஜர்னல் அடுக்கியவன் நீ, எதற்கு மவுசு என்று சொல்லு" என்று எழுதியிருக்கிறாய். மவுசு எதற்கு என்று கேட்டால் ஒரு வரியில் முடிந்துவிடும்: மைக்ரோபிளாஸ்டிக்குக்குத்தான், அந்தப் பொடிப் பிளாஸ்டிக் துணுக்குகளுக்கு. ஆனால் நீ கேட்க வந்தது அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதலில் அந்தக் கைடைத் திட்டாதே. அவர் கணக்கில் பிழை இல்லை. ரிச்சர்ட் தாம்ப்சன் என்ற கடல் உயிரியலாளர் 2004-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரே ஒரு பக்கக் கட்டுரையில் அந்தச் சொல்லைப் பரவச் செய்தார். அதற்குப் பிறகு கடல், ஆறு, உப்பு என்று தேடித் தேடி, 2021-ல் நஞ்சுக்கொடியில் இருக்கிறது என்றார்கள். 2024-ல் கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பில் இருக்கிறது, அப்படி இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் கூடுதல் என்று 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' போட்டது. அது சாதாரணச் செய்தி இல்லை. ஆனால் மவுசுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊருக்கு ஊர் ஏரி இருக்கிறது, ஏரிக்கு ஒரு பேப்பர். இந்த ஏரியில் எழுதுகிறவன் அந்த ஏரியில் எழுதியவனை மேற்கோள் காட்டியே ஆகவேண்டும். மொய் எழுதுகிற மாதிரிதான். விசேஷம் நிறைய நடக்கும் தெருவில் நோட்டும் சீக்கிரம் நிரம்பும்.

உன் முதல் பேப்பர் வந்த வருஷம் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஒரு ரீபிரிண்ட் கார்டு வந்ததே, நினைவிருக்கிறதா? "தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப இயலுமா" என்று அச்சடித்த அட்டை. கட்டுரைத் தலைப்பு மட்டும் கையெழுத்தில். தபால்தலையை நான் கேட்டேன், நீ தரவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தாய். கேன்டீன்காரருக்குக்கூடக் காட்டினாய். அந்த ஒரு அட்டைக்கு இன்றைக்கு என்ன மதிப்பெண் போடுவார்கள்? ஒன்றும் இல்லை. படித்தவன் தானும் எழுதி, அடிக்குறிப்பில் உன் பெயரைப் போட்டால்தான் கணக்கு.

இந்த மேற்கோள் கணக்கைத் தொடங்கிவைத்த அமெரிக்கத் தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்டு பாவம். 1955-ல் அவர் எழுதியதைப் படித்தால் நோக்கம் வேறு: ஒரு கட்டுரையைப் பின்னால் யார் மறுத்தார்கள், யார் திருத்தினார்கள் என்று தேடிப் பிடிக்க ஒரு வழி வேண்டும், பழுதான தகவலைத் தெரியாமல் எடுத்தாளக் கூடாது என்பதுதான். 1964-ல் அந்த மேற்கோள் அட்டவணை வந்தது. சென்னையில் ஒரு நூலகத்தில் அதன் பொடி எழுத்தை லென்ஸ் வைத்துப் படித்துக் கண் சிவந்திருக்கிறேன். பிறகு அதிலிருந்து பிறந்த குட்டிதான் இம்பாக்ட் ஃபேக்டர். ஒரு இதழின் 2024-ஆம் ஆண்டு எண் என்றால், 2022-லும் 2023-லும் அது போட்ட கட்டுரைகளுக்கு 2024-ல் கிடைத்த மேற்கோள்கள், வகுத்தல் அந்த இரண்டு வருஷக் கட்டுரைகளின் எண்ணிக்கை. அவ்வளவுதான். அது இதழின் சராசரி. கயலின் கட்டுரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 'நேச்சர்' இதழே 2005-ல் தலையங்கத்தில் ஒப்புக்கொண்டது: அவர்களுடைய எண்ணில் 89 சதவீதம் அவர்களுடைய கட்டுரைகளில் 25 சதவீதத்திலிருந்து மட்டும் வந்தது. மற்றவர்கள் பஸ்ஸில் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள்.

கயலின் துறைக்கு அந்த இரண்டு வருஷம் இன்னும் பெரிய அநியாயம். விறகுப் புகை நுரையீரலை அடைக்க இருபது முப்பது வருஷம் எடுத்துக்கொள்ளும். நோயைக் குணப்படுத்தினால் ஆள் எழுந்து நடப்பது தெரியும். நோய் வராமல் தடுத்தால் என்ன தெரியும்? ஒன்றும் நடக்காது. நடக்காததை யார் மேற்கோள் காட்டுவார்கள்? எண்ணிக்கைக்கு வசவும் வாழ்த்தும் ஒன்றுதான் என்பது வேறு. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று 12 குழந்தைகளை வைத்து 1998-ல் 'லான்செட்'டில் வந்த கட்டுரை, 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. மறுப்பதற்காகவே அதை எடுத்துக்காட்டியவர்கள் எத்தனையோ பேர். அத்தனையும் அதன் கணக்கில் வரவு.

இதையெல்லாம் ஞானி மாதிரி எழுதுகிறேன், ஆனால் என் கையும் சுத்தமில்லை. கடைசி ஐந்து வருஷம் நான் வேலை பார்த்த கல்லூரியில் ஆண்டு உயர்வுக்கு இம்பாக்ட் ஃபேக்டரைக் கூட்டிப் பட்டியல் போடச் சொன்னார்கள். போட்டேன். ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியைப் பற்றி எழுதிய விலங்கியல் வாத்தியார் ஒருவர், எஸ்டேட்காரர்கள் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்ட கட்டுரை அது, பட்டியலின் அடியில் பூஜ்யத்தோடு நின்றார். அவருக்கு நானே போய்ச் சொல்லவேண்டி வந்தது. "பரவாயில்லை சார், டீ சாப்பிடலாம் வாங்க" என்றார். இன்னும் அந்த டீ தொண்டையில் நிற்கிறது.

இப்போது கயலுக்கு வருகிறேன். அன்றைக்குக் காலை அவளைப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவின் அடுப்படிக்குக் கூட்டிப்போனேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தாள், காற்றில் நுண்துகள் அளக்கிறதாம். பேச்சியம்மா வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது, பளபளவென்று துடைத்து, மேலே ஒரு துண்டு போட்டு. விறகடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. யூகலிப்டஸ் விறகு, பச்சை, புகை கண்ணைக் கரித்தது. பெட்டியில் எண் மூன்று இலக்கத்தில் ஏறிக்கொண்டே போனது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஆண்டுச் சராசரிக்குச் சொன்ன வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராம், நம் நாட்டு வரம்பு 40. (இது அடுப்பு எரிகிற நேரத்து அளவு, அதை ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடக்கூடாது என்று கயல் என்னைத் திருத்தினாள். நன்றாக வளர்த்திருக்கிறாய்.)

"கேஸ் இருக்கே பாட்டி, அதுல வெந்நீர் வைக்கலாமே?" என்றாள் இவள்.

பேச்சியம்மா பதில் சொல்லவில்லை. விளக்குமாற்றுக் கட்டையால் மேலே காட்டினாள். பரணிலிருந்து விதைப்பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது, தாளெல்லாம் கரிபிடித்து, சிலந்திவலையும் கறுப்பு. "அதுக்கு யாரு புகை போடுறது? உங்க சிலிண்டரா?"

கயல் பேனாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பிறந்ததிலிருந்து அந்தப் பூண்டைப் பார்க்கிறேன், சேது. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் மிட்டாய்கூடக் கொடுத்தேன். ஆனால் சிலிண்டர் வந்தும் புகை போகாததற்கு அது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. குளிர் காய வேண்டும், குளிக்க வெந்நீர் வேண்டும், விதை உளுத்துப்போகாமல் இருக்கவேண்டும். சமையல் நான்காவதுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், புகை ஆராய்ச்சியில் பெரியது ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்று நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள். இங்கே விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு பார்த்தது. பாதிப் பேருக்கு இலவசமாக கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுத்தார்கள். விறகடுப்பிலேயே இருந்தவர்கள் சுவாசித்த நுண்துகள் 70 மைக்ரோகிராம் அளவு, கேஸ் வாங்கியவர்களுக்கு 24 அளவு, ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் வித்தியாசம் சுமார் 20 கிராம், புள்ளியியல்படி அதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. 2022-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல்' இதைப் போட்டது. "பலன் தெரியவில்லை" என்ற பதிலைச் சின்னக் குழு ஒன்று எழுதியிருந்தால் பல இதழ்கள் வாசலோடு அனுப்பியிருக்கும். இவர்கள் முன்கூட்டியே திட்டத்தைப் பதிவுசெய்து, எதை அளப்போம் என்று சொல்லிவிட்டு அளந்தார்கள். அதனால் பதில் எப்படி வந்தாலும் மதிப்புக் குறையவில்லை. கயலும் அப்படிச் செய்யட்டும். நம் நாட்டில் 2007 முதல் மருத்துவ ஆய்வுப் பதிவேடு இருக்கிறது.

நம் பக்கத்தில் அந்த ஆய்வு சமவெளியில் நடந்தது. பரணில் பூண்டு தொங்கும் 6,000 அடி உயரத்தில் அதே சிலிண்டர் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க இவளுக்குத் தோன்றியிருக்கிறது.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு விஷயம் உனக்குத் தெரியும். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் தெர்மாமீட்டர் கண்ணாடித் துண்டுகளைக் கண்டுபிடித்துக் கூட்டம் கூடியபோது நாம் இரண்டு பேரும் கும்பலில் நின்றோம். ஆலை அந்த வருஷமே மூடியது. ஐதராபாத் அணுசக்தித் துறை ஆய்வுக்கூடத்துக்காரர்கள் மரத்தில் படிந்த லைக்கனையும் பாசியையும் சுரண்டிப் பார்த்து எழுதிய கட்டுரை 2003-ல் வந்தது. கொடைக்கானல், பேரிஜம், நம் கூக்கால் என்று மூன்று ஏரிகளையும் பார்த்த கட்டுரை 2006-ல். முதலில் கடையில் பார்த்த கண், பிறகுதான் பேப்பர். ஆனாலும் அந்தப் பேப்பர்கள் இல்லாவிட்டால் பின்னால் பேசியவர்கள் எதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியிருப்பார்கள்? மைக்ரோபிளாஸ்டிக் கட்டுரைகளோடு மேற்கோளில் அவை போட்டி போட முடியாது. கூக்கால் தண்ணீரைப் பற்றி இந்த ஊரில் யாராவது கேட்டால் நான் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

நீ உடனே "அவளுக்கு வேலை கிடைக்க வேண்டாமா" என்பாய். வேண்டும். அதனால் சில காரியம். கைடிடம் சண்டை வேண்டாம். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே தீரவேண்டும் என்ற விதியை யூ.ஜி.சி. 2022-லேயே எடுத்துவிட்டது, ஆனால் பல்கலைக்கழகங்கள் தனியாக வைத்திருக்கலாம், அதை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். "மூன்று நாளில் வெளியீடு" என்று மெயில் அனுப்பும் இதழ் பக்கம் போகவே கூடாது. பெரிய எண்ணை மட்டும் பார்த்தும் போகக்கூடாது. அவள் துறையில் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டுரை போட்ட 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் என்விரான்மென்டல் ரிசர்ச் அண்ட் பப்ளிக் ஹெல்த்' 2023 மார்ச்சில், இம்பாக்ட் ஃபேக்டருக்கு அடிப்படையான வெப் ஆஃப் சயன்ஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கட்டுரைகள் இதழின் பொருளுக்குள் இல்லை என்பது காரணம். கட்டுரைக்கு 2,500 சுவிஸ் ஃபிராங்க் கட்டியவர்கள், இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல், ஒரே நாளில் எண் இல்லாத இதழுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். எழுதியது தவறா? பலது நல்ல வேலையாகக்கூட இருந்திருக்கும். 1913 முதல் வரும் நம் 'இண்டியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' மாதிரி இதழை முதலில் பார்க்கட்டும். கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் தன்னுடைய ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டு என்று எழுதினால், பொருத்தமான ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதற்கு மரியாதையாகக் காரணம் எழுதட்டும். எடிட்டர்களுக்கு இந்த வியாதி தெரியும்.

அவள் மைக்ரோபிளாஸ்டிக்கையும் விடவேண்டாம். ஒரு பாட்டிலாவது கீழே கிடக்காத வளைவு இந்த மலைப்பாதையில் எங்கே இருக்கிறது? ஆனால் அது பட்டம் முடிந்து காத்திருக்கும். பேச்சியம்மாவுக்கு எழுபத்தெட்டு. இரவில் அவள் இருமுவது என் சுவர் வழியாகக் கேட்கிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த வெள்ளைப் பெட்டியைக் கயல் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள், சார்ஜர் இல்லாமல். மூன்றாம் நாளே உயிர் போய்விட்டது. பேச்சியம்மா தினமும் வந்து "உங்க பெட்டி இன்னும் கோவமாத்தான் இருக்கா?" என்று கேட்கிறாள். பொங்கலுக்கு நீயும் மதினியும் கயலோடு வரும்போது சார்ஜரை எடுத்து வரச் சொல். கம்பளி இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது பூச்சி அரித்தது. பூண்டு எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே எழுது, விதைக்கு வைத்ததில் கை வைக்க விடமாட்டாள் கிழவி.

உன்,
தங்கவேல்