பக்க விளைவு கிடையாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், வாழைத்தண்டுச் சாறு குடித்தால் "எப்பேர்ப்பட்ட சிறுநீரகக் கல்லும் கரைந்தோடிவிடும், பக்க விளைவே கிடையாது" என்று போட்டிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் தம்பி லாரி ஓட்டுகிறவன். கண்ட இடத்தில் வண்டியை ஓரங்கட்ட முடியாது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவன். கல் வந்தது. இதேபோல ஒரு பத்திரிகைத் துணுக்கை வெட்டி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, தினமும் வெறும் வயிற்றில் சாறு குடித்தான். வலி நின்றது. கல் கரைந்துவிட்டது என்று மறுபடி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். பிறகு காய்ச்சல் வந்து ஸ்கேன் எடுத்தால், ஒரு சென்டிமீட்டருக்கும் பெரிய கல் சிறுநீர்க்குழாயை அடைத்தபடி அங்கேயே இருக்கிறது. அடைப்பு நாள்பட்டால் வலி அடங்கிப்போவதுண்டு, சிறுநீரகம் மட்டும் சத்தமில்லாமல் வீங்கிக் கெடும் என்றார் மருத்துவர். இன்று அவனுக்கு வேலை செய்வது ஒரு சிறுநீரகம்தான்.

5 மில்லிமீட்டருக்கும் சிறிய கற்கள் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படிப் போன கல்லுக்கெல்லாம் சாறுதான் பேர் வாங்குகிறது. போகாத கல்லைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

பக்க விளைவு இல்லையாம்! வாழைத்தண்டில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இதை ஒரு வரி எழுத இடமில்லாமலா போயிற்று?

முன்பொரு முறை, "ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது, சிறுநீரகத்தைக் காக்கும்" என்று வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் போடச் சொன்னீர்கள். அளவுக்கு மிஞ்சிய வைட்டமின் சி-யில் ஒரு பகுதி உடம்பில் ஆக்ஸலேட் என்ற கழிவுப்பொருளாக மாறிச் சிறுநீரில் சேர்கிறது. நம் ஊரில் வரும் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட் கற்கள்தானே? அந்த மாத்திரையை வழக்கமாகப் போட்ட ஆண்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று 2013-லேயே சுவீடன் நாட்டு ஆய்வில் வந்தது. அப்போதும் கடிதம் போட்டேன். பிரசுரமாகவில்லை.

கட்டுரைக்குக் கீழேயே "கல்லைக் கரைக்கும்" லேகிய விளம்பரம் வேறு. சிறுநீரகக் கல்லைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. பத்திரிகை நடத்துகிற உங்களுக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேதனை.

மூலிகைக்கு நான் எதிரி இல்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூவும், நெருஞ்சிலும், கீழாநெல்லியும் எங்கள் வீட்டில் புழங்குபவைதான். படித்த சித்த மருத்துவர்கள் முதலில் ஸ்கேன் எடுத்துவரச் சொல்கிறார்கள். கல்லின் அளவையும் இடத்தையும் பார்த்துத்தான் மருந்து தருகிறார்கள். உங்கள் கட்டுரையில் ஸ்கேன் என்ற சொல்லே இல்லை. சிறுநீர் இரண்டரை லிட்டர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள் என்ற காசு செலவில்லாத யோசனையும் இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கல் வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ சாறு அரைத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லி, அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தைப் போட இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
நாமக்கல்.