ஸ்ரீஹரிகோட்டாவைத் துடுப்புப் போட்டுச் சுற்ற விரும்பும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். வருகிற தை மாதம் உங்கள் கயாக்கை, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு ஓடத்தை, பழவேற்காட்டில் இறக்கி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் சென்று, ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் கிழக்குக் கரையை ஒட்டியே வடக்கே போய், ராயதொருவு முகத்துவாரம் வழியாகப் பழவேற்காடு ஏரிக்குள் திரும்பி, கடைசியாக இருக்கம் தீவையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பப் போவதாக எழுதியிருந்தீர்கள். இதே ஆசையோடு வேறு சிலரும் இந்தப் பக்கம் வரக்கூடும் என்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசிக்கொண்டு ஏரிக்கரையில் வாழ்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: திட்டத்தின் முதல் பகுதியை விட்டுவிடுங்கள். நீங்கள் போகிற போக்கில் பார்த்துவிடலாம் என்று நினைத்த இருக்கத்தையே முழுப் பயணமாக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்ரீஹரிகோட்டா வெறும் மணல்தீவன்று. விண்வெளி மையம் இருக்கும் இடம். அதன் கடற்கரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளம். அதில் எங்கும் வெளியாட்கள் கரையேற முடியாது. கடலில் கயாக் ஓட்டுகிறவருக்கு உயிர்ப் பாதுகாப்பு என்பதே, காற்று மாறினால் உடனே கரை ஒதுங்கலாம் என்ற வசதிதான். அந்த வசதி இல்லாத 50 கிலோமீட்டரை, மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போகும் சிறு ஓடத்தில் கடக்க நினைப்பது சரியான கணக்காக எனக்குத் தோன்றவில்லை. ராக்கெட் ஏவும் நாள்களில் அந்தக் கடற்பகுதிக்குள் மீனவர்களே போக முடியாது. உள்பக்கமாகத் திரும்பி வரலாம் என்றாலும், சூளூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகும் கரைச்சாலை ஏரியை இரண்டாக அறுத்துக்கொண்டு கிடக்கிறது. ராயதொருவு முகத்துவாரமோ மணல் மேடிட்டு அடைபடும் இயல்புடையது.

இதையெல்லாம் ஒருவழியாகச் சமாளித்துவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும், நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாதம் என்னைக் கவலைப்பட வைக்கிறது. இந்தக் கரையின் நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை நம் மீனவர்கள் வன்னி என்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. ஐப்பசி, கார்த்திகையில் வன்னி வலுத்து ஓடும். மாசி முதல் தெண்டி பிடித்து, பங்குனி, சித்திரையில் உச்சத்துக்குப் போகும். தை இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. தண்ணீர் வடக்கே திரும்பத் தொடங்கிய பிறகும் வாடைக்காற்று முற்றிலும் ஓய்ந்திருக்காது. நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று அதற்கு எதிராகவும் போகும் நாளில், அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து நெருங்கி நெருங்கி வரும். நீரோட்டம் நம்மை முன்னே தள்ளுவதால் பயணம் எளிதாகும் என்று கணக்குப் போட்டவர்கள்தான் அந்த அலையில் அதிகம் களைத்துப் போவார்கள்.

முகத்துவாரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வடக்கே, ஏரியும் கடலும் சந்திக்கும் அந்தக் குறுகிய வாய் ஒரே அளவில் நிற்பதில்லை. மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டுவரும் வெள்ளம் அதை அகலப்படுத்தும். வெள்ளம் ஓய்ந்தபின், கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும் மணல் மறுபடி அதை மூடப் பார்க்கும். இரு புறமும் கல் கொட்டி நிலைப்படுத்தும் வேலையை அரசு எடுத்துக்கொண்ட பிறகும், எந்த இடத்தில் மணல் திட்டு கிடக்கிறது என்பதை அன்றன்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நம் கடலின் ஏற்ற வற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் அவ்வளவு பெரிய ஏரியின் தண்ணீர் பெரும்பாலும் அந்த ஒரு வாய் வழியாகத்தான் வடிய வேண்டும். வற்றத்தின்போது வெளியே பாயும் தண்ணீர் உள்ளே வரும் கடல் அலையோடு மோதும் இடத்தில், ஒரே இடத்தில் நின்று நின்று உடையும் வெள்ளை நுரைக்கோட்டைக் கரையிலிருந்தே பார்க்கலாம். கவிழ்ந்த கயாக்கை அந்த நீர் கடலை நோக்கித்தான் இழுத்துச் செல்லும். ஆகவே வாருங்கள், மணலில் நின்று ஒரு முழு வற்றத்தைப் பொறுமையாகப் பாருங்கள். அங்கே துடுப்பை எடுக்க வேண்டாம்.

பார்க்கும்போது வலை கட்ட நட்டிருக்கும் கழிகளைக் கவனியுங்கள். ஓட்டம் வரும் பக்கம் கழியின் மேல் தண்ணீர் சிறிது ஏறி நிற்கும். மறுபக்கத்தில் ஒரு பள்ளமும் அதற்குப் பின்னால் நீண்ட கீறலும் தெரியும். கீறல் நீளமாகி, கழியே லேசாக அதிரத் தொடங்கினால், அந்த ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டு முன்னேற முடியாது என்று பொருள். கைப்பேசியில் தெரியும் ஏற்ற வற்ற அட்டவணையைவிட இந்தக் கழி அந்த இடத்து உண்மையைச் சொல்லும். அட்டவணை திறந்த கடலுக்கானது, ஏரிக்குள் நீர்மட்டம் மாறுவது அதற்குப் பிந்தியே நடக்கும்.

இனி இருக்கம். ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும் தமிழ் பேசும் ஊர் அது. தடாவுக்குக் கிழக்கே பீமுனிவாரிபாளையம் துறையிலிருந்து படகில் போவார்கள். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும் என்பதாலும், இயந்திர இரைச்சல் இல்லை என்பதாலும், இந்த ஏரிக்குக் கயாக்கைவிடப் பொருத்தமான ஓடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஆழம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் ஆழமற்ற நீரில் அலை சட்டென்று கிளம்பும். தரைதட்டி இறங்கினால் கால் முழங்கால்வரை சேற்றில் புதையும், சிப்பி ஓடு பாதத்தைக் கிழிக்கும். அடி கனமான காலணி இல்லாமல் வராதீர்கள்.

வருவதற்கு ஏற்ற காலம் மாசி. மழையில் நிறைந்த தண்ணீர் அப்போதும் இருக்கும், வாடை தணிந்திருக்கும், பூநாரைகளும் ஏரியில் நிற்கும். சித்திரைக்குப் பிறகு தண்ணீர் வற்றி உப்பேறும். ஆனி, ஆடியில் கரையிலிருந்து வீசும் கச்சான் என்ற மேற்குக் காற்று ஓடத்தை நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை ஆசையே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இந்தக் கரையை ஒட்டியே வடக்கே போனது உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஏரியில் வலை கட்டும் முறைக்கு இங்கே பாடு என்று பெயர். எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்பதை ஊர்கள் தலைமுறை தலைமுறையாக முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவருடைய முறை தவறினால் அன்றைய வருமானம் போயிற்று. கயாக் நேராகப் போவதற்காக அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அடித்தகடு வலையில் மாட்டினால் கத்தியை எடுக்காதீர்கள். தகட்டைத் தூக்கிப் பின்னோக்கித் துடுப்புப் போட்டு விடுவித்துக்கொள்ளுங்கள். பூநாரைக் கூட்டத்துக்குக் கால் கிலோமீட்டர் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். எல்லாப் பறவைகளும் ஒரே சமயத்தில் தலையை உயர்த்தினால், அந்தத் தூரமும் போதவில்லை என்று பின்வாங்குங்கள். வெகுதொலைவு பறந்து இரை தேடி வந்தவை அவை. ஒரு புகைப்படத்துக்காக அவற்றை எழுப்பிப் பறக்கவிடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஏரியின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம் என்பதால், வனத்துறையின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆந்திரப் பக்கத்து அனுமதி தமிழகப் பக்கத்துக்குச் செல்லாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு வெளியூர்க்காரர்கள் தண்ணீரில் இறங்குவதைக் காவல்துறை கடுமையாகவே பார்க்கிறது. அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். உயிர்காப்பு உடையைக் கயாக்கில் கட்டி வைக்காமல், கரையிலேயே அணிந்துகொண்டு ஏறுங்கள்.

உங்கள் கயாக்கின் நீளம் என்ன, அடித்தகடு தூக்கக்கூடியதா, உடன் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை எழுதுங்கள். மாசியில் எந்தப் பக்கம் பாடு நடக்கிறது என்று துறையில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, இருக்கத்தின் எந்தக் கரை வழியாகச் சுற்ற வேண்டும் என்பதை உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

அன்புடன்,
தடாவிலிருந்து உங்கள் அண்ணன்