ரத்தம் எடுக்க ஆள் இருக்கிறது, பேச அறை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒவ்வொரு டிசம்பர் 1-ம் தேதியும் உலக எய்ட்ஸ் தின ஊர்வலப் படம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கல்லூரிப் பிள்ளைகள் பதாகை பிடித்திருப்பார்கள், அதிகாரி கொடியசைப்பார், எல்லார் சட்டையிலும் சிவப்பு ரிப்பன். நடக்கட்டும், குறை சொல்லவில்லை. நான் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் பார்த்த வரையில் டெல்டாவில் எச்.ஐ.வி டெஸ்டுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் தானாக மனசு வந்து போய்ப் பார்த்துக்கொள்வதற்கும், அதற்கு முன்னும் பின்னும் யாராவது அவரோடு உட்கார்ந்து பேசுவதற்கும்தான் வழியைக் காணோம்.

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இந்த டெஸ்ட் எப்போது நடக்கிறது என்று பாருங்கள். முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் வட்டாரத்தில் வளைகுடாவுக்குப் போக மெடிக்கல் எடுத்தாக வேண்டும். அதில் எச்.ஐ.வியும் சேர்த்தி. தொற்று இருந்தால் 'அன்ஃபிட்' என்று வரும். அந்தச் சேதியைப் பயண ஏஜெண்ட் போனில் சொல்லிக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். என்ன வியாதி, அடுத்து எங்கே போக வேண்டும், மனைவிக்கு எப்படிச் சொல்வது, எதற்கும் அங்கே பதில் கிடையாது. விசாவுக்கு வாங்கிய வட்டிப் பணத்தை நினைத்துத்தான் அந்த மனிதர் முதலில் அழுவார். இன்னொன்று, தனியார் மருத்துவமனையில் குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுக்கும்போது நடக்கிறது. என்ன டெஸ்ட் என்று சொல்லாமலே ரத்தம் எடுத்துவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று கேஸ் தாளைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள்.

எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி, டெஸ்டுக்கு முன்பும் பின்பும் ஆலோசனை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். முடிவை வெளியே சொல்லக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. எல்லாம் எழுதியிருக்கிறது. நான் பார்த்த தனியார் லேப்களில் இந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டவர்கள்கூடக் குறைவு.

சில பையன்கள் ரத்ததான முகாமையே டெஸ்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "ஏதாவது இருந்தா அவங்களே சொல்லிடுவாங்கல்ல?" என்று கேட்பார்கள். சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2018-இல் சாத்தூரில் பார்த்தோம். கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றிய ரத்தத்தின் வழியே தொற்று வந்தது. ரத்தம் கொடுத்த இளைஞருக்கு முன்பே ஒரு முகாமில் தொற்று கண்டறியப்பட்டும் தகவல் அவரிடம் போய்ச் சேரவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அதோடு, தொற்று ஏற்பட்ட புதிதில் சாதாரண டெஸ்டில் தெரியாமல் போகலாம். சந்தேகம் இருப்பவர் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதையெல்லாம் முகாம் கூட்டத்தில் நின்றுகொண்டு யார் யாருக்கு விளக்குவது?

பெண்கள் கதை வேறு. கர்ப்பம் பதிவு செய்ததும் எல்லாருக்கும் பார்த்துவிடுகிறோம், தமிழ்நாடு இதில் நன்றாகவே செய்திருக்கிறது. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். நேரத்தோடு மருந்து கொடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். அதற்குத்தான் அந்த டெஸ்ட். ஆனால் "வீட்டுக்காரரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாம்மா" என்று சொன்னால் அந்தப் பெண் வாயே திறக்க மாட்டாள், கூட வந்த மாமியார்தான் பேசுவார். "என் மவனா புள்ளைய சுமக்குறான்? அவனுக்கு எதுக்கு ஊசி?" அதோடு பேச்சு முடிந்தது. பிறகு பெண்ணுக்குத் தொற்று என்று தெரிந்தால், வீட்டில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டவள் என்பதாலேயே அவள்தான் கொண்டுவந்தாள் என்று ஆகிவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. கணவனும் மனைவியும் ஒரே நாளில், ஒரே ஆலோசகரிடம் உட்கார்ந்திருந்தால் அந்தப் பழியில் பாதியாவது குறைந்திருக்கும்.

சரி, கிராமத்துக்கே போய்ப் பார்த்தால் என்ன என்பார்கள். பார்க்கலாம். தான்சானியா, ஜிம்பாப்வே, தாய்லாந்து ஆகிய நாடுகளின் ஊர்ப்புறங்களில் அப்படிச் செய்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆஸ்பத்திரி மையத்தை மட்டும் நம்பியிருந்த இடங்களைவிடப் பல மடங்கு பேர் டெஸ்டுக்கு வந்தார்கள். அங்கே வண்டி மட்டும் போகவில்லை. முன்கூட்டியே ஊர்க்காரர்களோடு பழகிப் பேசினார்கள், டெஸ்டுக்குப் பிறகு தொடர்ந்து உதவி கிடைக்கவும் ஏற்பாடு இருந்தது.

இங்கே என்ன நடக்கிறது? முதல் நாள் ஆட்டோவில் மைக் கட்டி, "எய்ட்ஸ் பரிசோதனை முகாம், அனைவரும் வாரீர்" என்று ஊரைச் சுற்றி வருவார்கள். மறுநாள் சமுதாயக்கூடத்தில் மேசை போட்டு, நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை வரிசையில் நிறுத்துவார்கள். நோட்டைப் பார்த்து ஒருவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார். ஆலோசகர் என்று வந்த பெண்ணுக்கு பிரஷர் பார்க்கும் மேசை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே இன்னொரு நாற்காலி கிடையாது, வருகிறவர் நின்றுகொண்டே பேச வேண்டியதுதான். அவர் மெதுவாக எதையாவது கேட்டால் பின்னால் நிற்கிற நாலு பேர் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஆண்கள் வேப்ப மரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நடமாடும் வண்டி வந்தாலும் டீக்கடை முக்கில்தான் நிறுத்துவார்கள். ஊரே பார்க்க அந்தப் படியில் யார் கால் வைப்பார்கள்? மாலையில் மட்டும் 'இன்று இத்தனை பேர்' என்று கணக்கு ஒழுங்காக மேலே போய்விடும்.

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்ட அந்தக் காலத்து விழிப்புணர்வு விளம்பரம் நினைவிருக்கும். எச்.ஐ.வி என்ற பேச்சையே எடுக்காத ஊரில் எல்லாரையும் பேச வைத்தது, அது பெரிய விஷயம்தான். கூடவே, இது 'அந்த மாதிரி ஆளுக்கு' வருவது என்ற எண்ணமும் பதிந்துபோனது என்பது என் அபிப்பிராயம். இன்றைக்கும் நம்பிக்கை மையம் என்கிற அரசு எச்.ஐ.வி ஆலோசனை, பரிசோதனை மையத்துப் பக்கம் ஒருவரைப் பார்த்துவிட்டால் நமட்டுச் சிரிப்பு வருகிறதே, அது அந்தக் காலத்து மிச்சம். அதனால்தான் திருவாரூரில் இருப்பவர் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுகிறார். ஏறட்டும், தப்பே இல்லை. எந்த ஊர் நம்பிக்கை மையத்திலும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதையே நீங்கள் பெரிய எழுத்தில் போடலாம். 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமல் விவரம் கேட்கலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

கல்யாணத்துக்கு முன் டெஸ்டைக் கட்டாயமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், படித்தவர்களே சொல்கிறார்கள். கட்டாயம் என்றால் காசுக்குச் சான்றிதழ் வரும். தாலி கட்டும் அன்று இல்லாத தொற்று மூன்று வருஷம் கழித்து வராது என்று அந்தத் தாள் சொல்லப்போவதும் இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் விருப்பப்பட்டுச் சேர்ந்து போய்ப் பார்த்துக்கொண்டால் சந்தோஷம். அதை ஜாதகப் பொருத்தம் மாதிரி ஆக்க வேண்டாம்.

முன்பு டெஸ்ட் எடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. 1986-இல் சென்னையில் நாட்டின் முதல் தொற்றை டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டறிந்தபோது கொடுக்க மருந்தே இல்லை. 2004-இல்தான் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது, அப்போதும் எதிர்ப்புச் சக்தி நன்றாக இறங்கிய பிறகே கொடுப்பார்கள். 2017-லிருந்து தொற்று உறுதியானதும் மருந்துதான், பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நிலைத்துவிட்டால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று போகாது. இந்த ஒரு சேதியை எத்தனை வீடுகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? 2023 மதிப்பீட்டின்படி நாட்டில் 25 லட்சம் பேருக்கு மேல் எச்.ஐ.வியோடு வாழ்கிறார்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வெளிநாட்டுக்கும் போன எங்கள் ஆட்கள் ஊரில் இருப்பது பொங்கலுக்கும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும்தான். அந்த வாரங்களில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், பட்டுக்கோட்டை மையங்களை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கலாம். சர்க்கரை, பிரஷர் பார்க்கும் அதே வாசல் வழியாகவே உள்ளே போகிற மாதிரி அறையை மாற்றலாம், யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கதவு சாத்துகிற அறை, இரண்டு நாற்காலி, ஆண்களோடு பேச ஓர் ஆண் ஆலோசகர். ஒப்பந்தச் சம்பளத்தில் வருஷக் கணக்காக இருக்கும் ஆலோசகர்களுக்கு அந்த மாலை வேலைக்குத் தனியாகப் படி கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அறை திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்காது. வருகிற பொங்கலுக்கு ஒரே ஒரு ஊரிலாவது இதைச் செய்து பார்ப்பார்களா என்று மாவட்டச் சுகாதார அதிகாரிகளிடம் உங்கள் நிருபர் கேட்டு எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)