சரவணனுக்கு, லிப்ரெஆபிஸில் முதல் பேட்ச் பற்றி

அன்புள்ள சரவணா,

வீடு மாறிய சேதி கிடைத்தது, சந்தோஷம். அலுவலகப் பயணம் குறைந்ததால் மிச்சமாகும் மாலை நேரத்தை ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றுக்குத் தரலாமா என்று கேட்டிருந்தாய். உனக்கு சி++ தெரியும், தமிழில் தினமும் ஆவணம் தட்டுகிறாய். இலவச அலுவலக மென்பொருளான லிப்ரெஆபிஸைத்தான் சொல்வேன்.

அங்கே பெரிய தட்டுப்பாடு, அனுப்பிய மாற்றத்தை, அதாவது பேட்சை, படித்துப் பார்ப்பவரின் நேரம்தான். நீ செய்வதெல்லாம் அவர் வேலையைக் குறைக்கிறதா என்று பார்த்துக்கொள்.

பிழைகளைப் பதியும் தளமான பக்ஸில்லாவில் 'ஈஸிஹேக்' (எளிய வேலை) என்று குறித்த பிழைகளில் தொடக்கநிலை ஒன்றை எடு. பழைய குறிப்புகளையும் படி. பாதி முடித்துவிட்டு ஒருவர் போயிருக்கலாம். கையில் எடுத்ததும் உன் பெயருக்கு மாற்றிக்கொள், இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்யவேண்டாம்.

பில்ட் செய்ய, அதாவது மூல நிரலிலிருந்து மென்பொருளைக் கட்ட, லினக்ஸ்தான் சுலபம். பிழை தேட உதவும் டீபக் பில்டுக்கு 50 ஜிபி இடமும் 16 ஜிபி ராமும் வைத்துக்கொள். ராம் குறைந்தால் லிங்க் செய்யும் கட்டத்தில் நின்றுபோகும். அப்போது இணையாக ஓடும் வேலைகளைக் குறை. ஏற்கெனவே கட்டியதைச் சேமித்து வைத்து அடுத்த பில்டை வேகமாக்கும் சிகேஷ் இல்லாமல் தொடங்காதே. ஆட்டோஜென் ஓட்டி 'மேக்' கட்டளை கொடுத்தால் முதல் முறை சில மணி நேரம் பிடிக்கும். பிறகு தொட்ட மாட்யூலை மட்டும் கட்டினால் போதும்: ரைட்டருக்கு எஸ்டபிள்யூ, கால்குக்கு எஸ்சி. இந்த எழுத்துகள் லிப்ரெஆபிஸின் மூதாதையான ஸ்டார்ஆபிஸ் காலத்து மிச்சம். அது ஜெர்மனியில் பிறந்தது. நிரலுக்குள் கிடந்த ஜெர்மன் குறிப்புகளை ஆங்கிலமாக்குவதே நெடுநாள் ஒரு ஈஸிஹேக்காக இருந்தது!

மாற்றங்கள், அவற்றைப் பரிசீலிக்கும் தளமான கெரிட் வழியாகப் போகும். உன்னை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் சாவியை அங்கே ஏற்றிவிட்டு 'லாகெரிட் செட்டப்' கட்டளையை ஓட்டு. அனுமதி மறுப்பு வந்தால் பெரும்பாலும் சாவி ஏறவில்லை என்று பொருள். கமிட் (பதிந்த மாற்றம்) செய்தியின் முதல் வரியில் டிடிஎஃப்# என்று போட்டு, இடைவெளி விடாமல் பிழை எண்ணை எழுது. பேட்ச் சேர்ந்ததும் பக்ஸில்லாவில் தானாகவே குறிப்பு விழும். கமிட் செய்தியில் அந்த முதல் வரிக்குக் கீழே, என்ன மாற்றினாய் என்பதைவிட ஏன் மாற்றினாய் என்று எழுது. என்ன என்பது, மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பிலேயே தெரியும்.

புதியவர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில். திருத்தச் சொன்னால் புது கமிட் போடாதே, பழையதையே திருத்தி அமெண்ட் செய். ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு சேஞ்ச்-ஐடி உண்டு. அது மாறினால் கெரிட் வேறொரு பேட்ச் என்று எடுத்துக்கொண்டு, பழைய விவாதத்தை அங்கேயே விட்டுவிடும். முதன்மைக் கிளையான மாஸ்டரோடு சேர்க்கும்போதும் மெர்ஜ் வேண்டாம், உன் மாற்றத்தைப் புதிய மாஸ்டரின்மேல் வைக்கும் ரீபேஸ் செய். பிழையைத் திருத்தும் கமிட்டில் இடைவெளி, அடைப்புக்குறி சீர்திருத்தங்களைக் கலக்காதே. நான்கு வரி மாற்றம் நானூறு வரிக்குள் ஒளிந்துகொள்ளும்.

அனுப்பியதும் ஜென்கின்ஸ் என்ற தானியங்கிச் சோதனை நிரல் லினக்ஸ், விண்டோஸ், மேக்ஓஎஸ் மூன்றிலும் கட்டிப் பார்க்கும். சிவப்பு விழுந்தால் லாகைப் படி. உன் கோப்புக்குச் சம்பந்தமே இல்லாத சோதனை விழுந்திருந்தால் மறுபடி ஓட்டச் சொல்லலாம். முதல் பேட்சோடு உரிம ஒப்புதலும் வேண்டும்: உன் பங்களிப்புகளை எம்பிஎல் 2, எல்ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தையது என இரட்டை உரிமத்தில் வெளியிடலாம் என்று டெவலப்பர்களின் அஞ்சல் பட்டியலுக்கு ஒரு மின்னஞ்சல். பலர் இதை மறந்துவிட்டு, பேட்ச் ஏன் அசையவில்லை என்று காத்திருப்பார்கள்.

நிரல் எழுத மனமில்லாத நாளில் உறுதிப்படுத்தாத பிழைகளைச் சோதி. தமிழ்ப் பிழைகளுக்கு உன்னைப் போன்ற ஆள் தேவை. 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லாத் தளங்களிலும் எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தான் பார்க்கிறது. எனவே ஒரு எழுத்து உடைந்து தெரிந்தால் முதலில் வேறு எழுத்துருவில் போட்டுப் பார். அங்கே சரியாக வந்தால் குறை எழுத்துருவில் இருக்கலாம். 'கொ' போன்றவற்றில் இன்னொரு சிக்கல்: ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எது என்று யூனிகோட் எண்ணோடு எழுது. படம் மட்டும் போதாது, ஆவணத்தின் ஓடிடி கோப்பையும் எழுத்துருப் பெயரையும் சேர். பார்ப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று நினைத்தே எழுது.

ஒரு வாரம் பதில் இல்லாவிட்டால் கெரிட்டிலேயே பணிவாக ஒரு வரி நினைவூட்டு. பிழையைத் தேர்ந்தெடுத்ததும் எண்ணை எனக்கு அனுப்பு, நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
முரளி