வெட்டாத ரைஃபிளை வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ராணுவ ரைஃபிள்களை வாங்கி, மரக்கட்டையை அறுத்து, குறிபார்க்கும் ஸ்கோப் மாட்டிப் புதுசாக்கும் நம் கனடா இளைஞர்களைப் பற்றி போன ஞாயிறு வெளியிட்டிருந்தீர்கள். படத்தில் அந்த லீ என்ஃபீல்டை, பழைய பிரிட்டிஷ் வகை ராணுவ ரைஃபிளை, பார்த்ததும் எனக்கு மனசே ஆறவில்லை. ஏற்கெனவே யாரோ வெட்டிவிட்டதை வாங்கி என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் இத்தனை வருஷம் முழுசாகத் தப்பி வந்த ஒன்றில் தயவுசெய்து ரம்பத்தை வைக்காதீர்கள்.

மிசிசாகாவில் லேக்‌ஷோர் ரோடு வழியாகப் போகிறவர்கள் அங்கே ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள், இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கிற இடம். அதுதான் லாங் பிராஞ்ச் ஆயுதத் தொழிற்சாலையின் சோதனைக் கட்டடம். 1941-இல் தொடங்கி மொத்தம் 9 லட்சத்துக்கும் மேல் நம்பர் 4 என்ற வகை லீ என்ஃபீல்டு ரைஃபிள்கள் அங்கே செய்யப்பட்டன, போர்க்காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போர் முடிந்ததும் அவற்றை மலிவாக விற்றார்கள். மான், மூஸ் வேட்டைக்குப் போன விவசாயிகள் எடை குறையட்டும் என்று குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை அறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கிடங்கு கிடங்காகக் கிடந்த பொருள், வீட்டுக்கு இறைச்சி வேண்டும். இன்றைக்கு நிலைமை அப்படியா?

போன மாதம் நண்பர் மகன் ஒன்று வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டான். முறையாக லைசென்ஸ் எடுத்த பொறுப்பான பையன். நான் போய்ச் சேரும்போது கராஜில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு பின்கட்டையைத் தேய்க்க உட்கார்ந்திருந்தான், நல்லவேளை இன்னும் தொடங்கவில்லை. லைட்டைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். மரத்தில் மங்கலாக ஒரு சி எழுத்து, அதற்குள் ஓர் அம்புக்குறி, கனடா அரசின் சொத்து என்பதற்கான முத்திரை. பத்து நிமிஷம் தேய்த்திருந்தால் அது போயிருக்கும், திரும்ப வராது. இடது பக்க இரும்பில் லாங் பிராஞ்ச் 1943 என்று பொறித்திருந்தது. அப்புறம் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தோம், அதன் கைப்பிடியில் இருந்த நம்பரும் ரைஃபிளின் நம்பரும் ஒன்றேதான். எண்பது வருஷமாக இரண்டும் பிரியவில்லை! அவன் முகமே மாறிவிட்டது.

கட்டையை அறுத்தால் அழகு மட்டும் போவதில்லை. நம்பர் 4-இல் முன்கட்டை குழலின் நுனிப்பக்கத்தை அடியிலிருந்து லேசாக மேல்நோக்கித் தாங்கும்படி பொருத்தப்பட்டது, குறி தப்பாமல் விழுவதில் அந்தத் தாங்கலுக்குப் பெரிய பங்கு உண்டு. அறுத்த பிறகு குறி சரியில்லை என்று துப்பாக்கியைத் திட்டுவது என்ன நியாயம்? ஸ்கோப் மாட்ட இரும்பில் துளை போட்டால் அதையும் மூடி மறைக்க முடியாது.

இந்த ரைஃபிள் நமக்கு அந்நியமும் இல்லை. ஊரில் என்.சி.சி. பயிற்சியிலும் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் பார்த்த 'த்ரீ நாட் த்ரீ' இதே குடும்பம்தான். இங்கே வடக்கே ராணுவத்தின் கனடிய ரேஞ்சர் படையினர் 1947 முதல் ஏறக்குறைய எழுபது வருஷம் பனியில் சுமந்தது இந்த நம்பர் 4-ஐத்தான்.

அந்தப் பையனுக்கு, கட்டை அறுபட்டு, நம்பரும் சேராத வேறொரு ரைஃபிளைத் தேடிக் கொடுத்தேன். அதில் அவன் இஷ்டப்படி வால்நட் மரத்தில் புதுக் கட்டை செதுக்கிக்கொண்டிருக்கிறான், அருமையாக வருகிறது. அந்த 1943 ரைஃபிளைத் துணியில் ஆளி எண்ணெய் தொட்டுத் துடைத்ததோடு சரி, பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அந்தத் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மிசிசாகா