சீரம் பாட்டிலில் இரண்டு வரி கேட்கிறோம்

அழகுசாதனப் பொருள்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெயில் ஏறியதும் 'வைட்டமின் சி', 'கிரீன் டீ', 'கேரட் விதை' என்று இலையும் காயும் படம்போட்ட, முகத்தில் பூசும் சீரம், எண்ணெய் பாட்டில்கள் கடைகளை நிறைப்பது தாங்கள் அறியாததல்ல. நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: உள்ளே சேர்த்த ஆன்டிஆக்ஸிடன்ட் (வெயிலால் தோலுக்குள் நேரும் கேட்டைத் தணிக்கும் பொருள்) எத்தனை சதவீதம் என்பதையும், 'இது சன்ஸ்கிரீன் அல்ல' என்பதையும் லேபிளில் போடச் சொல்லுங்கள்.

சதவீதம் தெரியாமல் பயன் இல்லை. எல்-அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி-தான்) 15, வைட்டமின் ஈ 1, ஃபெருலிக் அமிலம் 0.5 சதவீதம்: 2005-இல் வெளியான ஆய்வில், பன்றித் தோலில் வெயில் பாதிப்புக்கு எதிரான காப்பை நான்கு மடங்கிலிருந்து எட்டு மடங்காக்கியது, இதில் அந்த அரை சதவீத ஃபெருலிக் அமிலம்தான். சீரத்தின் பிஹெச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, 3.5-க்கு மேலே போனால் அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் சரியாக இறங்காது. ஃபெருலிக் அமிலம் நம் அரிசித் தவிட்டில் உண்டு. அதற்காகத் தவிட்டைக் குழைத்துப் பூசினால் இந்தக் கணக்கு வராது.

அதைவிடக் கொடுமை பாட்டில். அஸ்கார்பிக் அமிலத்துக்கு வெளிச்சம், காற்று, சூடு மூன்றும் ஆகாது. அதைத் தெள்ளத்தெளிவான கண்ணாடியில் ஊற்றி, வெயிலடிக்கும் ஷோகேஸில் நிறுத்துகிறார்கள். நிறமற்ற சீரம் மஞ்சளாகி, பிறகு டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிடுகிறது. வீரியம் போனது என்று அதற்கு அர்த்தம். வாங்கியவரோ, அதுதான் இயற்கை நிறம் என்று நம்பி, கொடுத்த காசுக்குக் கடைசிச் சொட்டுவரை பூசுகிறார்.

கேரட் விதை எண்ணெய்க்கு எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) 40 என்று கூசாமல் விற்கிறார்கள். சன்ஸ்கிரீன் கதிரைத் தோலின் மேலேயே மறிக்கும். ஆன்டிஆக்ஸிடன்ட்டோ, அதையும் மிஞ்சி உள்ளே வந்த கதிர் கிளப்பும் ஃப்ரீ ராடிக்கல்களை (தோல் செல்களைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகளை) அடக்கும். முன்னதன் வேலையைப் பின்னது செய்யாது. எஸ்பிஎஃப் சோதனையில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளப்பார்கள். இங்கே யார் அளந்தார்களாம், கேரட்டா?

இயற்கை என்றால் எல்லாம் சாது என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால், அதிலுள்ள ஃபியூரோகூமரின்கள் என்ற, வெயில் பட்டால் தோலைத் தாக்கும் பொருள்கள் கொப்புளம் எழுப்பிக் கருந்தழும்பு விடும். மறைய வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு.

கோபம் கொஞ்சம் மீறியிருந்தால் பொறுத்தருள்க. சதவீதம் ஒரு வரி, 'சன்ஸ்கிரீன் அல்ல' ஒரு வரி. பாட்டிலின் முகப்பிலேயே, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில். வெளிச்சம் புகாத பாட்டிலையும் கட்டாயமாக்கினால் நல்லது. அடுத்த கோடைக்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.