கண்ணாடியில் தெரிந்தது

அன்புள்ள கண்ணம்மா,

போனில் "மார்பகத்துக்குத் துளி வடிவ இம்பிளான்ட்தான் வைக்கப்போகிறேன், அதுதான் இயல்பாக இருக்குமாம்" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிட்டாய். தடுப்பேன் என்று பயந்தாயோ என்னவோ. தடுக்க எனக்கென்ன தகுதி? புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தபோது நானும் அதையேதான் கேட்டு வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நடந்ததைத்தான் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை.

ஒருநாள் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றேன். கீழே இருக்கவேண்டிய பருமன் அக்குள் பக்கமாக ஒதுங்கியிருந்தது. வலியே இல்லை. உருண்டை வடிவம் உள்ளே எத்தனை சுற்று சுற்றினாலும் வெளியே தெரியாது. துளிக்கோ மேல் கீழ் உண்டு. கொஞ்சம் திரும்பினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவர் கையால் தள்ளிச் சரிசெய்தார். சில வாரங்களில் மறுபடி திரும்பியது. கடைசியில் இன்னொரு ஆபரேஷன் செய்து உருண்டையாக மாற்றினார்கள். உனக்கு அப்போது பரீட்சை நேரம். "சின்ன கட்டி, எடுத்துவிட்டார்கள்" என்று பொய் சொன்னேன்.

திரும்பாமல் இருக்கத்தான் துளி வடிவத்தின் மேற்பரப்பைப் பெரும்பாலும் சொரசொரப்பாகச் செய்கிறார்கள். சதை அதைப் பற்றிக்கொள்ளும் என்பது கணக்கு. நான் அதிகம் யோசிப்பது அந்தச் சொரசொரப்பைப் பற்றித்தான். இம்பிளான்டைச் சுற்றி உடல் கட்டும் வடு உறையில் அரிதாக ஒருவகை லிம்போமா வருகிறது. மார்பகப் புற்று இல்லை, நிணநீர் மண்டலத்தின் புற்று. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ 2011-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. 2019-இல் பிரான்ஸ் அதிகச் சொரசொரப்புள்ள வகைகளைத் தடை செய்தது. அதே ஆண்டு ஜூலையில் இம்பிளான்ட் தயாரிக்கும் அலர்கன் நிறுவனம் பயோசெல் என்ற தன் சொரசொரப்பு வகைகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. துளி வடிவமும் அதில் இருந்தது. என்னுடையது வேறு தயாரிப்பு. இருந்தும் அந்தச் செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை.

பயமுறுத்த எழுதவில்லை, அம்மாடி. வருகிறவர்கள் மிகக் குறைவு. சீக்கிரம் கண்டுபிடித்து உறையோடு சேர்த்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால் வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று நீர் கோத்து வீங்கினால், "அடிபட்டிருக்கும்" என்று விட்டுவிடாதே.

இயல்பாக இருக்கும் என்கிறாயே, அதையும் யோசி. நிமிர்ந்து நிற்கும்போது உருண்டைக்குள் இருக்கும் ஜெல்லும் ஓரளவு கீழே இறங்கித் துளி மாதிரிதான் தெரியும். துளி வடிவத்தின் ஜெல் கெட்டி. வடிவம் கலையாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். தொட்டால் விறைப்பு தெரியும், உள்ளே நுழைக்கக் கீறலும் சற்று நீளமாக வேண்டும். படுத்தாலும் அது அப்படியே நிற்கும். என்னைப்போல் சதையே மிச்சமில்லாதவர்களுக்குத் துளி வடிவத்தால் பயன் உண்டு. உனக்கு உன் சதை இருக்கிறது.

மருத்துவரைப் பார்க்கும்போது மேற்பரப்பு எந்த வகை, திரும்பிக்கொண்டால் மறு ஆபரேஷன் செலவு யார் தலையில் என்று கேள். இம்பிளான்டுக்கு அவர் குடையும் இடம் அளவாக அமையாவிட்டால் திரும்பும் வாய்ப்பு கூடும். அதனால் துளி வடிவம் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார் என்றும் கேட்டுவிடு. கூச்சப்படாதே, உன் உடம்பு. எதை வைத்தாலும் ஆயுசுக்கும் நிற்காது. சிலிக்கோன் ஜெல் உள்ளே கசிந்தால் வெளியே தெரியாமலும் போகலாம். அதனால் ஐந்தாறு வருடத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று. வரிசை எண் உள்ள அட்டையைத் தருவார்கள். அதைத் தொலைத்துவிடாதே, உன் சாவிக்கொத்து மாதிரி.

தேதி குறித்ததும் சொல். இந்த முறை நானும் உன்னோடு வந்து அந்த அறையில் உட்காருகிறேன். நீ கேட்க மறந்ததை நான் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா